பழைய மசில் காரின் பின்பக்க சஸ்பென்ஷன்: பட்டை ஸ்பிரிங்கைத் தூக்கி எறிவதற்கு முன்

பச்சை விளக்கு விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். வண்டி பாய வேண்டும். பாயாமல், பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. டிக்கிக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு சம்மட்டியால் அடிப்பதைப் போல ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற மினிவேன், ஒன்றும் நடக்காததுபோல் முன்னே போய்விடுகிறது. டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூவில், என் 1966 மஸ்டாங்கில் எனக்கு நேர்ந்தது இது. ஆகஸ்ட் மாதம், பழைய வண்டிக்காரர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற சாலை அது. மானம் போயிற்று.

அன்று இரவே, பட்டைக்குப் பதில் நான்கு கம்பிகளால் பின் அச்சைப் பிடிக்கும் 'ஃபோர் லிங்க்' மாற்றுத் தொகுப்பு என்ன விலை என்று தேட ஆரம்பித்தேன். சில ஆயிரம் டாலர், வெல்டிங் வேலை தனி. நல்லவேளை, வாங்கவில்லை. பிறகு தெரிந்தது: என் வண்டியில் குற்றம் பட்டை ஸ்பிரிங்கின் (வளைந்த இரும்புப் பட்டையால் ஆன ஸ்பிரிங்) மீது இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்துத் தளர்ந்துபோன பட்டை, பொடிந்துபோன புஷ் (மூட்டுகளில் வைக்கும் ரப்பர் குழல்), எண்ணெய் வற்றிய ஷாக் (குலுக்கலை அடக்கும் குழாய்) எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. புதிதாக மசில் கார் (பெரிய எஞ்சின் பொருத்திய பழைய அமெரிக்க வண்டி) வாங்கியவர்கள் பெரும்பாலோர் தடுமாறும் இடமும் இதுதான் என்பதால், வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

கீழே குனிந்து பாருங்கள்: எந்தக் குடும்பம்?

அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்க மசில் கார்களுக்குப் பின்பக்கம் பெரும்பாலும் இரண்டே குடும்பம்.

முதல் குடும்பம் பட்டை ஸ்பிரிங். ஃபோர்டு மஸ்டாங், 1967 முதல் 1969 வரையிலான செவர்லே கமரோ, அதன் உடன்பிறப்பான போன்டியாக் ஃபயர்பேர்ட், கிறைஸ்லர் வீட்டு சார்ஜர், ரோட் ரன்னர், சேலஞ்சர், பாரகுடா எல்லாம் இதில் அடக்கம். நம் ஊர் லாரியில் பார்த்த அதே சங்கதிதான், அளவு மட்டும் சிறியது. இதில் பட்டைக்கு இரட்டை வேலை. சுமையையும் தாங்க வேண்டும், பின் அச்சு முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராமல் பிடித்தும் வைக்க வேண்டும். உதவிக்கு வேறு கம்பி கிடையாது. இந்த ஏற்பாட்டுக்கு 'ஹாட்ச்கிஸ் டிரைவ்' என்று பெயர், பழைய பிரெஞ்சு கம்பெனி ஒன்றின் பெயரால் வந்தது. கலிஃபோர்னியாவில் சஸ்பென்ஷன் பாகங்கள் விற்கும் ஹாட்ச்கிஸ் வேறு ஆள். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு எழுத்து குறையும். நான் ரொம்ப நாள் இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

இரண்டாவது குடும்பம் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் ஸ்பிரிங். ஜெனரல் மோட்டார்ஸ் 1964 முதல் 1972 வரை செய்த நடுத்தர அளவு வண்டிகள்: செவல், போன்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ், ப்யூக் ஸ்கைலார்க். இவற்றில் சுமையைக் காயில் தாங்கும். அச்சைப் பிடித்துவைப்பது நான்கு ஆர்ம்கள்: கீழே இரண்டு நேராக, மேலே இரண்டு சாய்வாக. இந்தக் குடும்பத்துக்குப் பின்னால் வருகிறேன். முதலில் பட்டை.

ஏன் குதிக்கிறது?

எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றும்போது, அதன் எதிர்விசை அச்சின் கூட்டைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். டிஃபரன்ஷியலின் (பின் அச்சின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டி) மூக்கு மேலே எழும்பும். அதைத் தடுக்க இருப்பது பட்டை மட்டுமே, ஆகவே அது வளைந்து எஸ் வடிவம் எடுக்கிறது. ஓர் எல்லையில் டயர் பிடி விடும். விட்ட கணத்தில் முறுக்கிய பட்டை விடுபட்டு நிமிர்கிறது, டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி முறுக்குகிறது. ஒரு நொடிக்குள் பல தடவை இது நடந்தால் அதுதான் அந்தத் தடதடப்பு. வேடிக்கை என்று விட்டுவிடாதீர்கள். யுனிவர்சல் ஜாயின்ட், அச்சுத் தண்டு, பற்சக்கரம் எல்லாவற்றையும் உடைக்கக்கூடிய அடி அது.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1967 கமரோக்களுக்குப் பக்கத்துக்கு ஒரே அடுக்குப் பட்டைதான் கொடுத்தார்கள், இரண்டு ஷாக்குகளும் அச்சுக்கு ஒரே பக்கம். குதித்தது. 1968-ல் ஒரு ஷாக்கை அச்சுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மாற்றி வைத்தார்கள். அதிக சக்தியுள்ள மாடல்களுக்குப் பல அடுக்குப் பட்டையும் வந்தது. கிறைஸ்லர் பொறியாளர்கள் இன்னும் சாமர்த்தியம். அச்சைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளி வைத்தார்கள். முன்பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் முறுக்கை அதுவே எதிர்த்து நிற்கும். அவர்கள் வண்டி வைத்திருப்பவர்கள் பட்டையையே தூக்கி எறிய ஆசைப்படும்போது நான் கொஞ்சம் சிரித்துக்கொள்வது இதனால்தான்.

பந்தய வண்டிகள் செய்த கரோல் ஷெல்பி 1965-ல் ஜிடி350 செய்தபோது என்ன செய்தார் பாருங்கள். மஸ்டாங்கின் பட்டையை அப்படியே வைத்துக்கொண்டார். அச்சுக்கு மேலிருந்து வண்டியின் உடலுக்கு இரண்டு கம்பிகள், கோனி கம்பெனியின் நல்ல ஷாக், அச்சு அளவுக்கு மேல் தொங்காமலிருக்க இரும்புக் கயிறு. அவ்வளவுதான். 1968, 1969 இரண்டு வருடமும் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் மார்க் டொனஹ்யூ ஜெயித்த கமரோவுக்கும் பின்னால் பட்டைதான். பட்டையால் முடியாது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரம்

காசு செலவழிக்கும் முன் வண்டியை அளந்து எழுதிவையுங்கள். சமதளத் தரை, டயரில் சரியான காற்று, டேங்கில் வழக்கமான அளவு பெட்ரோல். நான்கு சக்கரத்திலும், சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை எத்தனை அங்குலம்? தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாறினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். இடது வலது வித்தியாசத்தையும் குறியுங்கள். புதுப் பட்டை போட்ட பிறகு "பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதே" என்று தோன்றும்போது இந்தத் தாள்தான் சாட்சி.

பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டை நேர்கோடாகவோ கீழ்நோக்கித் தொய்ந்தோ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பின்முனையில் தொங்கும் ஷேக்கிள் (பட்டையை உடலோடு சேர்க்கும் ஊசலாடும் இணைப்பு) ஒரேயடியாகச் சாய்ந்து உடலில் முட்டப் பார்க்கிறதா? கண்களில் (பட்டையின் இரு முனையிலும் உள்ள வளையங்கள்) உள்ள ரப்பர் புஷ் வெடித்து வெளியே பிதுங்குகிறதா? ஷாக்கின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா?

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் துரு. மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அது வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடும். மஸ்டாங்குக்கும் கமரோவின் பின்பாதிக்கும் லாரிபோலத் தனி சேஸிஸ் கிடையாது. மடித்த தகடுகளே எலும்பு. பட்டையின் முன்கண் வந்து பொருந்தும் இடத்தையும், பின் ஷேக்கிள் தொங்கும் சட்டத்தையும் ஒரு பழைய திருப்புளியால் அழுத்திக் குத்திப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் சரி. 'சொத்' என்று உள்ளே போனால் சஸ்பென்ஷன் ஆசையை மூட்டைகட்டிவிட்டு வெல்டரைத் தேடுங்கள். அழுகிய தகட்டில் புதுப் பட்டை மாட்டுவது, செல்லரித்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவது மாதிரி. அரிசோனா, டெக்சாஸ் பக்கத்து வறண்ட ஊர் வண்டிகளுக்கு விலை கூடுதலாகக் கேட்பது இதனால்தான்.

எதை வாங்குவது

என் வரிசை: பட்டை, புஷ், ஷேக்கிள், யு-போல்ட் (பட்டையை அச்சோடு கட்டும் யு வடிவ போல்ட்), ஷாக். இவற்றை ஒரே நேரத்தில் மாற்றுங்கள். இதற்குச் சில நூறு டாலர்தான் ஆகும். சாலையில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் தேவையே இருக்காது.

பட்டையில், வண்டி பிறந்தபோது இருந்த உயரத்துக்கே வேண்டுமா, ஓர் அங்குலம் தாழ்வாக வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பழைய மஸ்டாங்குக்கு 'மிட்-ஐ' என்று விற்கும் பட்டை உண்டு. மெயின் பட்டை கண்ணின் நடுவோடு வந்து சேரும்படி கண்ணைச் சுருட்டியிருப்பார்கள். அதனாலேயே வண்டி சுமார் ஓர் அங்குலம் தாழும். தாழ்த்துவதற்குப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைக்கும் வழியும் இருக்கிறது, மலிவும்கூட. ஆனால் கட்டை உயர உயர, அச்சு பட்டையை முறுக்குவதற்கு நெம்புகோல் நீளமாகிறது. குதிப்பதை நிறுத்தப் போய்க் குதிப்பதை வளர்த்துவிடுவீர்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் கட்டை வைக்க மாட்டேன். ஐந்து, ஆறு அடுக்கு என்று விறைப்பைக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். வெறும் டிக்கியோடு ஓட்டும் வண்டியில் அது முதுகெலும்பைத்தான் சோதிக்கும்.

புஷ் விஷயத்தில் கடைக்காரர்கள் பாலியூரித்தேனைத் தள்ளுவார்கள். பட்டை வண்டிக்கு அது நல்லதுதான், அச்சு அலைவது குறையும். ஆனால் அதோடு வரும் சிலிக்கோன் கிரீஸைத் தாராளமாகத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தடை தோறும் பழைய கட்டில்போலக் கிறீச்சிடும். சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்பவர்களுக்கு நல்ல ரப்பர் போதும். என் வண்டியில் முன்கண்ணில் ரப்பர், ஷேக்கிளில் பாலியூரித்தேன்.

1967 கமரோவின் ஒற்றைப் பட்டையைப் பல அடுக்குக்கு மாற்றுகிறவர்கள், பட்டை மட்டும் வாங்கினால் மாட்டாது. அடித்தகடு, போல்ட் உட்பட மாற்றத்துக்கான முழுத் தொகுப்பாகக் கேளுங்கள். ஷாக்கில், வண்டியைத் தாழ்த்தியிருந்தால் அதற்கேற்ற நீளம் வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது ஷாக் தன் ஓட்டத்தின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். அடியில் முட்டிக்கொண்டிருக்கும் ஷாக் சீக்கிரம் சாகும்.

கருவிகள்

நல்ல தரை ஜாக்கி ஒன்று, ஸ்டாண்ட் நான்கு, சக்கரத்துக்குக் கட்டை. அரை அங்குல சாக்கெட் தொகுப்பு. அங்குல அளவுகள் வேண்டும், மில்லிமீட்டர் செல்லாது. நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவுவது), துரு இளக்கும் ஸ்ப்ரே, ரம்பம் முன்பின் ஓடும் மின்வாள், அதற்கு உலோகம் அறுக்கும் பிளேடு ஐந்தாறு, டிஜிட்டல் கோணமானி. கண்ணாடி மறக்காதீர்கள். மேலே பார்த்தபடி வேலை செய்யும்போது அறுபது வருடத் துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

வேலை

வேலைக்கு மூன்று நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் எல்லா நட்டு போல்ட்டுக்கும் துரு இளக்கியை அடித்துவிடுங்கள். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் பின்னால் இருமடங்கு நேரம் கொடுப்பார்கள்.

வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். முன்சக்கரத்துக்குக் கட்டை. டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டையின் முன்கண்ணுக்குச் சற்று முன்னால் உள்ள உறுதியான சட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் தரைத்தகட்டின் மேல் வைத்தால் தகடு உள்வாங்கிவிடும். ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் இப்போதே விழட்டும், நீங்கள் அடியில் போன பிறகு வேண்டாம். ஜாக்கியை எடுத்துவிடாதீர்கள். அச்சின் எடையை அது தாங்கியபடியே இருக்கட்டும். உடலிலிருந்து அச்சுக்கு வரும் ஒற்றை ரப்பர் பிரேக் ஹோஸின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். அச்சு அளவுக்கு மேல் தொங்கினால் முதலில் கிழிவது அதுதான்.

ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கப் பட்டை அச்சைத் தன் இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் அச்சு ஜாக்கியின் மேல் பம்பரம் ஆடும்.

ஷாக்கின் கீழ்முனை, பட்டையின் அடித்தகட்டில் மாட்டியிருக்கும். முதலில் அதைக் கழற்றுங்கள். மஸ்டாங்கில் மேல்முனை நட்டு டிக்கிப் பக்கம் இருக்கும், விரிப்பைத் தூக்கினால் தெரியும். நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றினால் தண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். பிறகு யு-போல்ட்டின் நான்கு நட்டுகள். பழைய யு-போல்ட் ஒருமுறை இழுபட்டு நீண்டது, அதைத் திரும்பப் போடவே கூடாது. ஆகையால் இளகாவிட்டால் யோசிக்காமல் அறுத்துவிடுங்கள். அடித்தகட்டை எடுத்து, ஜாக்கியால் அச்சைக் கொஞ்சம் உயர்த்தினால் பட்டை விடுபடும்.

பின் ஷேக்கிள் பெரும்பாலும் மரியாதையாக வந்துவிடும். அந்தப் பக்கம் பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே அங்கே தீப்பொறி பறக்கும் கிரைண்டரோ கேஸ் டார்ச்சோ கூடவே கூடாது.

முன்கண் போல்ட்தான் இந்த வேலையின் வில்லன். போல்ட் தண்டும், புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழாயும் துருவால் ஒன்றாகப் பற்றிக்கொண்டு, ஒரே துண்டாகவே மாறியிருக்கும். நட்டு கழன்றுவிடும். போல்ட்டின் தலையைத் திருப்பினால் அதுவும் சுற்றும். ஆனால் வெளியே வராது, ரப்பர்தான் உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கும். நான் என் வண்டியில் அரை நாள் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். போல்ட் நுனி காளான்போல விரிந்ததுதான் மிச்சம். வழி ஒன்றே: மின்வாளை எடுத்து, சட்டத்தின் உட்சுவருக்கும் பட்டைக் கண்ணுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் பிளேடை நுழைத்து, போல்ட்டை இரு பக்கமும் அறுப்பது. சட்டத்தின் தகட்டில் பல் படாமல் மெதுவாக. பிளேடு சூடாகாமல் இருக்க நடுவில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு பிளேடு தின்னும். எப்படியும் பழைய பட்டையும் போல்ட்டும் குப்பைக்குத்தானே போகின்றன என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஆரம்பத்திலேயே இதைச் செய்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். கமரோவில் முன்கண் ஒரு தனிப் பிராக்கெட்டில் இருக்கும், மூன்று போல்ட் அதை உடலோடு பிடித்திருக்கும். அங்கே மேலே தகட்டுக்குள் ஒளிந்திருக்கும் நட்டுகள் கூண்டை விட்டுச் சுழல ஆரம்பித்தால் அது வேறு கதை. அதனால் அங்கே துரு இளக்கியை மூன்று நாள் இல்லை, ஒரு வாரம் அடியுங்கள்.

காலியான இடத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து பெயின்ட் அடித்துவிடுங்கள். இப்படி ஒரு வாய்ப்பு இன்னும் முப்பது வருடத்துக்கு வராது.

புதுப் பட்டையில் குட்டையான பாதி முன்னால் வர வேண்டும். சிரிக்காதீர்கள், திருப்பி மாட்டியவர்கள் உண்டு. முன்கண் போல்ட்டின் நடுத்தண்டில், மறுபடி துருவில் பற்றிக்கொள்ளாமலிருக்க ஆன்டி-சீஸ் பசையைத் தடவி நுழைத்து, நட்டைக் கையால் மட்டும் பிடிக்க விடுங்கள். அடுத்தது ஷேக்கிள், அதுவும் தளர்வாக. அச்சை மெல்ல இறக்கும்போது, பட்டையின் நடு போல்ட் தலை, அச்சில் உள்ள இருக்கையின் துளைக்குள் சரியாக உட்கார வேண்டும். இதுதான் அச்சு நேராக இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கும் ஒரே இடம். விரலை விட்டுத் தடவி உறுதி செய்யுங்கள். அடித்தகடு, புது யு-போல்ட், நான்கு நட்டையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எத்தனை பவுண்டு-அடி என்பதற்கு உங்கள் வண்டியின் தொழிற்சாலைக் கையேட்டையோ தொகுப்போடு வந்த தாளையோ பாருங்கள்.

மறுபக்கமும் இப்படியே. பிறகு புது ஷாக், சக்கரம்.

இப்போது பலரும் செய்யும் தவறு: வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே கண் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிடுவது. ரப்பர் புஷ் உள்குழாயோடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் அது எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதங்களில் கிழியும். வண்டியின் உயரமும் தப்பாகக் காட்டும். ஆகவே வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலு தடவை அழுத்திக் குலுக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு, சக்கரங்கள் எடையைத் தாங்கியபடி இருக்கும்போது மட்டுமே கண், ஷேக்கிள் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். அடியில் படுக்க இடமில்லை என்றால் நான்கு சக்கரத்தையும் சாய்தளத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

மூக்கின் கோணம்

புதுப் பட்டை, புது உயரம் என்றால் டிஃபரன்ஷியல் மூக்கின் கோணமும் மாறியிருக்கும். இதைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் "பட்டை மாற்றினதிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு அதிர்வு" என்று புலம்புவது.

கணக்கு எளிது. கியர்பாக்ஸின் பின்தண்டு ஒரு கோடு, டிஃபரன்ஷியலின் முன்தண்டு இன்னொரு கோடு. ஓடும்போது இரண்டும் இணையாக இருக்க வேண்டும். எஞ்சின் வழக்கமாகப் பின்பக்கம் சில டிகிரி சரிந்து உட்கார்ந்திருக்கும். 3 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கி இருந்தால் இணை. ஆனால் பட்டை வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மூக்கு தானே மேலே எழும்பும் என்று பார்த்தோமே. அதனால் நிற்கும் நிலையில் இணையைவிட 2 முதல் 4 டிகிரி தாழ்வாக வைப்பது வழக்கம். இழுக்கும்போது எழும்பி இணைக்கு வந்து சேரும். கால் மைல் பந்தயம் ஓடுகிறவர்கள் இன்னும் தாழ்வாக வைப்பார்கள், சாலைக்கு அது வேண்டாம்.

அளப்பது எப்போதும் வண்டி சக்கரத்தில் நிற்கும்போது. கோணமானியைக் கியர்பாக்ஸ் பின்முனையின் சீவிய பரப்பிலும், டிஃபரன்ஷியலில் யுனிவர்சல் ஜாயின்ட் மாட்டும் முகத்திலும் வைத்துப் பாருங்கள். திருத்த வேண்டுமானால் பட்டைக்கும் அச்சு இருக்கைக்கும் நடுவே ஆப்பு வைக்க வேண்டும். 2, 4 டிகிரியில் கடையில் கிடைக்கும். மூக்கைத் தாழ்த்த ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். அலுமினிய ஆப்பு மெல்ல நசுங்கி யு-போல்ட் தளர்ந்துவிடும். இரும்பில் வாங்குங்கள்.

செவல், ஜிடிஓ வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் வேலை சுலபம், பொறி மட்டும் வேறு இடத்தில். கீழ் ஆர்ம்கள் தகட்டை மடித்துச் செய்தவை, ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் மாதிரி இருக்கும். முறுக்கினால் முறுகும். அவற்றுக்குப் பதில் முழுதும் மூடிய பெட்டி ஆர்ம் போடுவது இந்தக் குடும்பத்துக்கு முதல் மருந்து. பின்பக்க ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாட்டுவதானால் அது அந்த ஆர்ம்களிலேயே நேராக போல்ட் ஆவதால், மூடிய ஆர்ம் கட்டாயம்.

மேல் ஆர்ம்களில் கவனம் வேண்டும். அவை சாய்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அச்சு பக்கவாட்டில் நகராமல் தடுப்பது அவைதான். வண்டி வளைவில் சாயும்போது அந்த ஆர்ம்கள் கொஞ்சம் முறுகியே தீர வேண்டும், புஷ் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். மேல் ஆர்மின் இரு முனையிலும் விறைப்பான பாலியூரித்தேன் போட்டால் எல்லாம் இறுகிக்கொண்டு, பின்பக்கமே ஒரு பெரிய ஆன்டி-ரோல் பாராகிவிடும். மழையில் வால் வழுக்கும். மேலே ரப்பர், அல்லது உருண்டை மூட்டு உள்ளவை. கீழே பாலியூரித்தேன் இருக்கலாம்.

ஆர்ம்களை ஒன்று கழற்றி, ஒன்று மாட்டி, பிறகு அடுத்தது என்று போனால் அச்சு சுழலாது. காயில் மாற்ற ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் அச்சை மெல்ல இறக்கினால் பெரும்பாலும் காயில் தளர்ந்து கையோடு வந்துவிடும். மறுபடி அதே எச்சரிக்கை: பிரேக் ஹோஸ். மேல் புஷ்ஷில் ஒன்று அச்சின் காதுக்குள் அழுந்தி இருக்கும். அதைத் தட்டி எடுக்கப் போய்க் காதை வளைத்துவிடாமல், அதற்கென்றுள்ள அழுத்துக் கருவியை வாடகைக்கு எடுங்கள். நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்ம் போட்டால் மூக்கின் கோணத்தை ஆப்பில்லாமலே திருத்தலாம்.

இழுக்கும்போது இந்த வண்டிகளில் வலது பின்சக்கரம் இலேசாகும், டயர் அந்தப் பக்கமே சுழலும். எஞ்சினின் முறுக்கு அச்சையே ஒரு பக்கமாக உருட்டப் பார்ப்பதன் விளைவு. கால் மைல் ஓடுகிறவர்கள் வலது காயிலுக்குள் ஒரு காற்றுப்பை வைத்துச் சமாளிப்பார்கள்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால்

பட்டை வண்டியில் எல்லாம் புதிதாக்கியும் குதித்தால், அடுத்தது டிராக்‌ஷன் பார். பழைய வகை, முனையில் ரப்பர் வைத்த கம்பி. அச்சு முறுக ஆரம்பித்ததும் பட்டையின் முன்பகுதியில் போய் முட்டி நிறுத்தும். கால்ட்ராக்ஸ் போன்ற புதிய வகை, அந்த முறுக்கையே திருப்பிப் பட்டையின் முன்பாதியைக் கீழே அழுத்தப் பயன்படுத்துகிறது. இது சாலைக்கும் ஒத்துப்போகிறது, எனக்குப் பிடித்ததும் இதுதான்.

பின்பக்க ஆன்டி-ரோல் பார் அவசரப்பட்டு வேண்டாம். முன்பக்கம் பழையபடி இருக்க, பின்பக்கம் மட்டும் தடித்த கம்பி போட்டால் வளைவில் வால் முந்திக்கொள்ளும்.

காயில்-ஓவர் ஷாக் (ஷாக்கைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் உள்ள வகை) வாங்கிப் பழைய ஷாக் மாட்டும் இடத்திலேயே மாட்டச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். அந்த இடங்கள் ஷாக்கின் அதிர்வைத் தாங்கச் செய்தவை, வண்டியின் எடையைத் தாங்க அல்ல. குறுக்குச் சட்டம் ஒன்றை வெல்ட் செய்யாமல் அதைச் செய்யக்கூடாது. முழு ஃபோர் லிங்க், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பி எல்லாம் வளைவுப் பாதையில் ஓடப் போகிறவர்களுக்கு. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முதல் ஓட்டம்

ரேடியோவைப் போடாமல், காலியான பார்க்கிங் இடத்தில் மெதுவாகத் தொடங்குங்கள். பிரேக் பிடித்துப் பாருங்கள், ஹேண்ட் பிரேக் கேபிள் எங்காவது உரசுகிறதா பாருங்கள். வேகத்தடையில் 'டொக்' என்று கேட்டால் ஷாக் முனையோ ஷேக்கிளோ தளர்வு. எக்ஸாஸ்ட் குழாய் அச்சில் இடிக்கும் சத்தம் வேறு மாதிரி, மெலிந்து வெங்கலமாகக் கேட்கும். பிறகு நெடுஞ்சாலை. 60 மைல் வேகத்தில் இருக்கையின் அடியில் அதிர்வு வந்தால் மூக்கின் கோணத்தை மறுபடி அளக்க வேண்டும்.

நூறு மைல் ஓடியதும் யு-போல்ட் நட்டுகள் எல்லாவற்றுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கட்டாயம் கொஞ்சம் திரும்பும், பயப்பட வேண்டாம். முதலில் எழுதிவைத்த தாளை எடுத்து, மட்கார்டு உயரத்தை மறுபடி அளங்கள். புதுப் பட்டை சில நூறு மைல்களில் கொஞ்சம் அமர்ந்துவிடும் என்பதால், முதல் நாளே "உயரமாக நிற்கிறது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஐநூறு மைலில் ஒருமுறை கண் போல்ட், ஷேக்கிள், ஷாக் முனை எல்லாம் சரிபார்த்து, கோணத்தையும் இன்னொரு தடவை அளந்து, அதே தாளில் தேதியோடு குறித்து, கையுறைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.